கெட்ட பயில்வான் வீட்டுக் கல்யாணம்

எங்கள் அப்பா கெட்டவர் என்று ஊரெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ரயில்வே கேட் பக்கத்துச் சுவரில், மீன் ஏலம் போடும் கொட்டகைத் தூணில், எங்கள் பள்ளிக்கூடத்து மதிலில்கூட. கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, இரண்டு கையையும் விரித்து நிற்கும் அப்பா. கீழே சிவப்பு மையில் ‘கடல் பூதம்’ என்று போட்டிருக்கும். அதே நோட்டீஸில் பக்கத்திலேயே, நெற்றியில் திருநீறோடு, கைகட்டிச் சாந்தமாகச் சிரிக்கும் இன்னொரு பெரிய உடம்பு. அவர் நல்ல பயில்வான். அப்பா கெட்ட பயில்வான். எழுபதுகளில் தூத்துக்குடிப் பக்கம் டிக்கெட் வாங்கிக் குஸ்தி பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம், “ஏளா, உங்க அப்பா வீட்ல ஒங்களையும் கடிப்பாரா?” என்று கேட்டாள். “கடிப்பாரு. ஆனா குளிச்ச ஆளைத்தான் கடிப்பாரு, ஒனக்குப் பயமில்ல” என்றேன். எனக்கு அப்போதே வாய் நீளம். அம்மா அதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது.

அப்பா முதலில் தோணியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டு நிலைவாசலில் அவர் ஒருச்சாய்த்துத்தான் நுழைய வேண்டும். ரிக்‌ஷாக்காரர்கள் அவர் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். துறைமுகத்தில் ஆளுக்கு ஒரு மூட்டையாக எல்லாரும் சுமக்கும்போது இவர் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு நடந்ததை ஒரு குஸ்திக் கம்பெனி முதலாளி பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது அந்தத் தொழில். வருஷத்தில் பாதி நாள் ஊர் ஊராகத் தகரக் கொட்டகை, மீதி நாள் வீடு. வீட்டில் அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. தொண்டை கட்டிவிட்டால் கோதாவில் உறுமுவது எப்படி என்று, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார்.

அந்தக் கம்பெனியில் இருந்த மனுஷர்களை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பல்லால் கயிறைக் கடித்து லாரியை இழுக்கும் பஞ்சாபி ஒருத்தர் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பானைத் தயிரை அப்படியே தூக்கிக் குடிப்பார். ‘பாரசீக ராட்சதன்’ என்று ஒருத்தர். தாடியும் உருமாலும் வைத்துக்கொண்டு புரியாத பாஷையில் கத்துவார். அவர் நிஜத்தில் திண்டுக்கல் பக்கத்து ஆள். வெளியே தமிழ் பேசக்கூடாது என்று முதலாளி உத்தரவு. ஆகையால் பக்கத்து ஊர்களில் ஆட்டம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, குசினியில் அடுப்புப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, தேக்கி வைத்த தமிழை எல்லாம் அம்மாவிடம் கொட்டித் தீர்ப்பார். “அக்கா, பத்து நாளா ஒரு வாய் பேச முடியலக்கா” என்று சொல்லும்போது எனக்கே பாவமாக இருக்கும். இவ்வளவு பெரிய உடம்புகளை அதற்குப் பிறகு நான் ஒரே இடத்தில் பார்க்கவே இல்லை.

பாரசீக ராட்சதன் எங்கள் வீட்டுக்கு வரலாம். ஏனென்றால் அவரும் கெட்டவர். நல்ல பயில்வான் வரக்கூடாது. அது அந்தக் கம்பெனியின் கண்டிப்பான சட்டம். நல்லவர் ஒரு லாட்ஜில் தங்கினால் கெட்டவர் இன்னொரு லாட்ஜில். ஒரே டீக்கடையில் நிற்கக்கூடாது, ஒரே ரயில் பெட்டியில் ஏறக்கூடாது. இரண்டு பேரும் பேசிச் சிரித்ததை ஒரு ஆள் பார்த்துவிட்டால்கூட அடுத்த நாள் கொட்டகை காலியாகிவிடும் என்று முதலாளி பயந்தார். இந்தச் சட்டமெல்லாம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நிஜமாகவே பகை என்றுதான் நாங்கள் நம்பினோம். அப்பாவை வாரத்துக்கு இரண்டு தரம் தூக்கி எறிகிற அந்த மனுஷனை நான் மனசாரச் சபித்திருக்கிறேன். அந்த ஆள் காலில் சிரங்கு வரவேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொண்டவள் நான்.

அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்த வருஷம்தான் கம்பெனி முதல்முதலாக எங்கள் ஊருக்கு ஆட்டம் போட வந்தது. மாப்பிள்ளை புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். தகப்பன் இல்லாத பிள்ளை. வளர்த்து ஆளாக்கியது தாய்மாமன். அவர் தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிக்குத் தலைவர். அவர் சொல்லை மீறி அந்த வீட்டில் ஒரு காக்காய் உட்காராது. மாப்பிள்ளை ஒருநாள் சைக்கிளில் எங்கள் தெருவழியே போனபோது அவர் மணி அடிக்கும் முன்பே அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அதைப் பார்த்த பிறகு இவளுக்கு வேறு இடம் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாதா கோயிலில் எல்லார் காதிலும் விழ அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊரில் முதல் ஆட்டம்.

அன்றைக்குக் காலையில் அம்மா அப்பாவின் கோதா ஜட்டியைத் துவைத்தாள். கறுப்புத் துணியில் சிவப்புக் கரை. கொடியில் காயப்போட்டால், தோணிப் பாயை யார் இங்கே விரித்தது என்று பக்கத்து வீட்டு மதினி கேலி பண்ணுவாள். அந்த ஜட்டியின் இடுப்புப் பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை தைத்திருக்கும். அது கண்ணேறு படாமல் இருக்க ஏதாவது வைத்துக் கட்டுகிற பை என்று அம்மா நினைத்திருந்தாள். திறந்து பார்த்தால் ஏதோ வெள்ளைப் பொடி. பழசாகிப்போன திருநீறாக்கும், வேற்றூர்ச் சாமியார் யாராவது கொடுத்ததாக்கும் என்று அதைக் கொட்டிக் கழுவிவிட்டாள். சொந்த ஊரில் ஆடப்போகிற மனுஷன், அத்தனை கண்ணும் இவர் மேல்தானே விழும் என்று, கோயில் திருவிழாவில் மந்திரித்துக் கொடுத்த உப்பையும் மிளகையும் எடுத்து அதில் நிரப்பினாள். முழு மிளகு இடுப்பில் உறுத்தும் என்று அதை அம்மியில் வைத்து நுணுக்கி வேறு போட்டாள். புருஷன்மேல் அவ்வளவு பிரியம்.

உப்புக் குடோன்களுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தகரம் அடைத்து, நடுவில் கோதா போட்டிருந்தார்கள். மதினியோடு நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில், கோதாவைத் தொட்டுவிடும் தூரத்தில், தண்டலும் அவருடைய கூட்டாளிகளும். சம்பந்தி ஆகப்போகிறவரின் ஆட்டத்தைப் பார்க்கச் சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். பாரசீக ராட்சதன் கத்தினார், பஞ்சாபி தொடையைத் தட்டினார், கடைசியாக நல்லவரும் கெட்டவரும் வந்தார்கள். அப்பா உறுமியபோது என் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எனக்குப் பெருமையாக இருந்தது.

நல்லவர் அப்பாவை அடித்து மூலைக்குத் தள்ளினார். அப்பா முழங்காலில் விழுந்து கும்பிட்டார். நல்லவர் மன்னித்துத் தூக்கிவிடக் குனிந்த நேரம், அப்பா இடுப்புப் பையில் கையை விட்டு அள்ளி, அவர் முகத்தில் எறிந்தார். நல்லவர் போட்ட சத்தத்தில் கொட்டகையே அடங்கிவிட்டது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு திசை தெரியாமல் தடவித் தடவிப் போய்க் கம்பத்தில் முட்டிக்கொண்டார். அப்பா அடிக்கப் போகவில்லை. அப்படியே நின்றார். தன் உள்ளங்கையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை.

பிறகு அவர் நல்லவரிடம் போய், காதுக்குள் வாயை வைத்து என்னமோ சொன்னார். “பாரு, கெட்ட வார்த்தை சொல்லுதான்” என்றாள் மதினி. அடுத்த நொடி நல்லவரின் கை அப்பாவின் கழுத்தில் இருந்தது. அப்பா மேலே போனார், தலைகீழானார், கோதாவின் விளிம்பில் கழுத்து மடங்க விழுந்தார். கண் தெரியாமலே பூதத்தைத் தூக்கி எறிந்துவிட்டாரே என்று சனம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. செருப்புகள் பறந்தன. நான் தண்டலைப் பார்த்தேன். அவர் வேட்டியில் விழுந்திருந்த துகளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு, மிளகு, அதிலே லேசாகச் சாம்பிராணி வாசம். எங்கள் சபையில் எல்லார் வீட்டிலும் இருக்கிற பொட்டலம் அது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்து முடித்ததும் தண்டல் நேரே கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் போனார். “மூணாவது ஓலை வேண்டாம். மந்திரிச்ச உப்பை எடுத்து ஒருத்தன் கண்ணுல எறிஞ்சவன் வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்” என்றார். கோயில் வாசலில் வைத்துச் சொன்னதால் எல்லாருக்கும் கேட்டது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து வீட்டுக்கு நடந்தாள். கல்யாண ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை எங்கள் கரையில் வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டில் அப்பா கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டு குசினித் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். “நான் போயிச் சொல்லுதேன். நான்தான் அதை வச்சேன், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதேன்.”

“போயி என்னன்னு சொல்லுவ? பையில வழக்கமா என்ன இருக்கும்னு கேப்பாரு.”

“என்ன இருக்கும்?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சாக்பீஸ் பொடி. நான் எறிவேன்னு அவருக்குத் தெரியும். கண்ணை லேசா மூடிக்கிடுவாரு, சாக்பீஸ்னா ஒண்ணும் ஆகாது. எல்லாம் பேசி வச்சதுதான்.”

நான் ஏற்றிய மெழுகுதிரியெல்லாம் வீண் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா கையை எடுத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். “அப்பம் அதைப் போயி தண்டல்ட்ட சொல்லுங்களேன். பிள்ள வாழ்க்கை இல்லையா?”

“சொன்னா அந்த மனுசன் நாளைக்கு எங்க போயி நிப்பாரு? அவரு நெசமாவே ஜெயிக்காருன்னுதான் சனம் டிக்கெட் எடுக்குது. கம்பெனியில உள்ள அத்தனை பேரு சோத்துலயும் நான் மண்ணள்ளிப் போட முடியுமா?”

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள். “எனக்கு அவரைத்தான் கட்டணும்ப்பா.” அவ்வளவுதான் சொன்னாள். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த உடம்பு அழுவதைப் பார்ப்பது சாதாரணமில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார். நல்லவரைப் போய்ப் பார்க்க அவருக்கு வழியில்லை, சட்டம் அப்படி. கிணற்றடியில் பூத்திருந்த நந்தியாவட்டைப் பூவைப் பறித்து, செம்புத் தண்ணீரில் போட்டு, லாட்ஜில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா, கண் எரிச்சலுக்கு நல்லது என்றார். நான் லாட்ஜின் பின்வாசல் வழியாகப் போனேன்.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். கண் இரண்டும் வீங்கி, ரத்தமாகச் சிவந்திருந்தது. இன்னார் மகள் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்பாவுக்குக் கழுத்து எப்படிம்மா இருக்கு?” என்பதுதான்.

“திரும்ப மாட்டேங்குது” என்றேன்.

“எல்லாம் என்னாலதான். கண்ணு தெரியாம ஒரு பக்கமா அழுத்திட்டேன்.” பூவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மல்லாந்தபடியே பேசினார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பேச்சு எங்கள் பேச்சுதான். “எனக்கு இடுப்பு போயி வருசக்கணக்காச்சு தாயி. ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. நான் தூக்குற மாதிரி ஒங்கப்பாதான் தானா துள்ளி எழும்பிக் குடுக்காரு, நான் கையை மட்டும் வச்சிருக்கேன். நேத்து எம் பொழப்பு அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். காதுல வந்து சொன்னாரு: பயப்படாதிய, நான் இருக்கேன், கையை மட்டும் வைங்கன்னு.”

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஓலையையும் தண்டலையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவர் பூவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “தண்டல் வீடு எந்தத் தெரு?” என்று கேட்டார்.

மறுநாள் அவர் குதிரை வண்டியில் போனார். இடுங்கின கண்ணோடு அவர் கடற்கரை ரோட்டில் வருவதைப் பார்த்து, வலை பின்னுகிறவர்கள் முதல் உப்பளத்துப் பெண்கள் வரை பின்னாலேயே வந்துவிட்டார்கள். நானும் கூட்டத்தோடு போய்த் தண்டல் வீட்டு வாசலில் நின்றேன். தண்டல் பதறிப்போய் கதிரையை எடுத்துப் போட்டார். நல்லவர் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, எறிஞ்சது அவரு. எரிஞ்சது எனக்கு. எனக்கே ஆறிப்போச்சு, ஒங்களுக்கு ஏன் ஆறல?”

“அது கோயில் உப்பு ஐயா.”

“அதனாலதான் கண்ணு தப்பிச்சுது. வேற உப்பா இருந்தா அவிஞ்சிருக்கும்.” கூட்டத்தில் ஒரு பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். “கோதாவுல உள்ள பகை கோதாவோட. பொம்பளப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

தண்டல் தாடையைத் தடவினார். “அப்பம் கல்யாணத்துக்கு நீரு வந்து முன்னால உக்காருவீரா?” என்று கேட்டார்.

“வாரேன்.”

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு அவர் பட்டு வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்த சனம்தான் அதிகம். அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல், பந்தலின் அடுத்த ஓரத்திலேயே நின்றார். விருந்தில் பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு இலையாக வந்து கவனிக்க வேண்டும் அல்லவா? அப்பா நல்லவரின் இலைக்கு முன்னால் வந்தபோது பந்தலே மெல்லுவதை நிறுத்திவிட்டது. நல்லவர் நிமிர்ந்து பார்க்காமல், “கொஞ்சம் உப்பு வைங்க” என்றார். அப்பா குனிந்து இலை ஓரத்தில் உப்பு வைத்தார். யாரோ ஒருத்தர் சிரிக்க, பந்தல் முழுவதும் சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அப்பா அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

தண்டல் மாமா எங்கள் வீட்டில் கை நனைத்தார். ஆனால் அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கிறிஸ்துமஸ், ஞானஸ்நானங்களிலும் சரி, அப்பா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அக்காவுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்பதை அவர் முகமே சொல்லும். எனக்கு நாக்கு துறுதுறுக்கும். அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் குசினிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். ஊருக்கு அவர் கடைசிவரை கெட்டவர்தான். கம்பெனி கலைந்து, துறைமுகத்துக் கேட்டில் வாட்ச்மேனாக நின்ற காலத்திலும், சோறு உண்ணாத பிள்ளைகளுக்குத் தாய்மார் அவரைத்தான் காட்டிப் பயமுறுத்தினார்கள். அவரும் கடமை தவறாமல் கண்ணை உருட்டிக் காட்டுவார்.

அவர் இறந்தபோது நான்தான் நல்லவருக்குத் தந்தி கொடுத்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன். பெட்டியை மூடுகிற நேரத்துக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். உடம்பு வற்றி, தோல் தொங்கியது. கண் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. எங்கள் நிலைவாசலைத் தாண்டி அவர் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் போய், அதைத் தூக்கக் குனிந்தார்.

தண்டல் மாமாவும் கிழவராகித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். “விடும்வே, ஒமக்கும் வயசாச்சு. கனம் தாங்க மாட்டீரு. இந்த ஆளை நீரு எத்தனை தடவ தூக்கி எறிஞ்சிருப்பீரு, இன்னும் போதாதா?” என்றார்.

நல்லவர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். “நான் எங்க அண்ணாச்சி தூக்கினேன்? எப்பவும் அவரே எழும்பிக் குடுப்பாரு. இன்னைக்குத்தான் தூக்குதேன்.”

தண்டல் மாமா அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டியின் மறுபக்கம் வந்து குனிந்தார்.